ஒரு வாரம் அக்காவுக்கு வண்டி

செஞ்சி
11.8.2024, ஞாயிறு

அக்கா சாமுண்டீஸ்வரிக்கு,

வெற்றிவேல் எழுதுவது. நலம் நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ அடுத்த வரியைப் படிக்க மாட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏழு நாளில் பதினொரு தடவை போன் போட்டேன். பதினொன்றையும் நீ கட் பண்ணினாய். பன்னிரண்டாவதை மாமா எடுத்து, "உங்க அக்கா பக்கத்துலதான் இருக்குது, ஆனா இல்லேன்னு சொல்லச் சொல்லுது" என்றார். அந்த மனுஷருக்குப் பொய்கூடச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை வண்டியின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். சாவி என் வீட்டுக்காரியிடம். ஜெயஸ்ரீயோடு மட்டும் நீ நன்றாகத்தான் பேசுகிறாயாமே.

ஆடி அமாவாசையன்று மேல்மலையனூரில் நடந்தது நடந்துவிட்டது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் வண்டி நின்றுபோனால் யாருக்குத்தான் கோபம் வராது? பின்னால் நாலு ஸ்பெஷல் பஸ், முன்னால் பம்பைக்காரர்கள், ஜன்னலுக்குள் தலையை விட்டு ஆளுக்கொரு யோசனை. அந்த நேரத்தில், "பொம்பள கையில ஸ்டீரிங் குடுத்தா இப்டித்தான் ஆவும்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்காகச் சாவியை என் மடியில் வீசிவிட்டு, கட்டின புருஷனையும் பின் சீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போவதா?

போகட்டும். வண்டி விஷயம். இந்த ஜீப்பை நாம் இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு என்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வாங்கும்போதே அது பழசு. வருகிற பிப்ரவரி பதினொன்றாம் தேதியோடு அதற்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. அதற்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டரிடம் காட்டிப் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் ரோட்டில் ஓட்டக்கூடாது. புதுப்பிக்க வேண்டுமென்றால் ஏகப்பட்ட வேலை பார்க்க வேண்டும். பேசாமல் விற்றுவிடலாம் என்பது என் எண்ணம். ஆர்.சி. புக் என் பேரில் இருப்பதால் அலைச்சல் எல்லாம் என்னுடையது, உனக்குச் சிரமம் இருக்காது.

இப்படிக்கு,
வெற்றிவேல்


சிங்கவரம்
18.8.2024

தம்பி வெற்றிக்கு,

உன்னோடு வாயால் பேச மாட்டேன் என்று கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டேன். கையால் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அன்றைக்கு வண்டி நின்றது நான் ஓட்டியதால் இல்லை, டீசல் தீர்ந்ததால். அந்த டீசல் முள் மூன்று வருஷமாகப் பாதியில்தான் நிற்கிறது. நிரப்பினாலும் பாதி, காலியானாலும் பாதி. அமாவாசைக்கு முந்தின நாள் "ஒரே ஒரு நாள் குடுக்கா, ஆடித் திருவிழா ஃப்ளெக்ஸ் எல்லாம் கட்டணும்" என்று கெஞ்சி வாங்கிப் போனது யார்? ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒரு சொட்டுகூட ஊற்றாமல் கொண்டுவந்து விட்டது யார்? பழி மட்டும் பொம்பளை கைக்கு. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் நின்றார்கள் தெரியுமா? என் தெருக்காரி காத்தாயி தேங்காய்த் தட்டோடு பக்கத்திலேயே நின்றாள். அவள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

விற்பதைப் பற்றி. வண்டி வருவதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு மறந்துவிட்டது. மல்லாட்டையைக் களத்தில் குவித்துவிட்டு வியாபாரி எப்போது வருவார் என்று வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வருகிறவர் ஒரு பிடி கடலையை அள்ளி, உடைத்து, வாயில் போட்டு, "ஈரமா இருக்குதே" என்று முகத்தைச் சுளிப்பார். அவர் சொன்னதுதான் விலை. வேண்டாம் என்றால் மூட்டையைத் தலையிலா சுமந்து போக முடியும்? இப்போது ஏற்றிக்கொண்டு நேராக மார்க்கெட் கமிட்டிக்குப் போகிறேன். நாலு பேர் விலை கேட்கிறார்கள், நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வண்டி போனால் திரும்பவும் களத்தில் காத்துக் கிடக்க வேண்டும். அது என்னால் முடியாது. நீ விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது. ஊரில் எல்லாரும் நான் வணக்கம் சொல்வதாக நினைத்துக் கையைத் தூக்குகிறார்கள்.

அக்கா


செஞ்சி
8.9.2024

அக்காவுக்கு,

டீசல் விஷயத்தில் நீ சொல்வது சரியாகவும் இருக்கலாம். மேற்கொண்டு அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

ரேடியேட்டர் ஒழுகுகிறது. போன வியாழக்கிழமை தளவானூருக்கு ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ் போர்டு கட்டப் போனபோது பாதி வழியில் ஆவி கிளம்பி, முன்னால் ரோடே தெரியவில்லை. ஜகபர் பாய்க்குப் போன் பண்ணினேன். நமக்கு இத்தனை வருஷமாக இந்த வண்டியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிற மெக்கானிக், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று காத்திருந்தால், "தம்பி, பக்கத்துல மளிகைக் கடை இருக்குதா? அம்பது கிராம் மஞ்சத்தூள் வாங்கி ரேடியேட்டர்ல கொட்டு" என்கிறார். கொட்டினேன். ஒழுகல் நின்றுவிட்டது. செஞ்சி வரைக்கும் வண்டி சாம்பார் வாசனையோடு வந்து சேர்ந்தது. இதைப் போய்ப் பெருமையாக எழுதுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. மறுநாள் முறையாக ஈயம் வைத்து அடைத்தாகிவிட்டது. ஆயிரத்து நானூறு.

ஆயில் அளவு பார்க்கிற கம்பி பாதியில் ஒடிந்து உள்ளேயே விழுந்துவிட்டது. அதைப் பாய் எடுத்துப் போட்டுவிட்டார், புதிதுக்குச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நீ இதிலெல்லாம் கவனம் வைக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெற்றிவேல்


சிங்கவரம்
29.9.2024

வெற்றிக்கு,

நீ பார்த்துக்கொள்கிறாயாம்! டீசலை நீ பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் மேல்மலையனூரே பார்த்ததே. பாய் கடைக்கு நானும்தான் போனேன். எனக்கும்தான் சொன்னார். உன்னை நம்பி நான் எதையும் விட்டுவைக்க மாட்டேன்.

இந்த வாரம் மல்லாட்டை பிடுங்கியாயிற்று. என்னுடைய ஆறு மூட்டை, காத்தாயியுடையது மூன்று, அவள் ஓரகத்தியுடையது இரண்டு, எல்லாவற்றையும் ஏற்றி, மேலே அவர்கள் இரண்டு பேரும் உட்கார, நான் ஓட்ட, கமிட்டிக்குப் போனோம். வாசலில் நின்ற லாரிக்காரன் ஒருத்தன், "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டான். "உனுக்குக் கண்ணு எங்கய்யா?" என்று காத்தாயி கேட்டாள். களத்தில் கேட்ட விலையைவிட மூட்டைக்கு நானூறு கூட வந்தது. காத்தாயி டீசலுக்கு என்று பணம் கொடுக்க வந்தாள், நான் வாங்கவில்லை. ஒரு மரக்கால் மல்லாட்டையை வண்டியிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பின் கதவு உள்ளிருந்து திறக்க மாட்டேன் என்கிறது. இது தெரியாமல் உன் மாமா ரேஷன் கடை வாசலில் முக்கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்டால், "நீ வேலையா இருந்த" என்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு.

அக்கா


செஞ்சி
20.10.2024

அக்காவுக்கு,

காத்தாயி கொட்டிவிட்டுப் போன மல்லாட்டையைப் பற்றி எழுதுகிறேன். அதன் தொலி சீட்டுக்கு அடியில், மிதியடியில், ஏசி ஓட்டையில் எங்கும் இருந்திருக்கிறது. ஏசி வேலை செய்யாது, காற்று மட்டும் வரும் என்பது உனக்குத் தெரியும். அந்தக் காற்றில் பறந்து போய், ஈரம் காயாத ஒரு கல்யாண போர்டில் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளைக்குச் சரியாக இடது கன்னத்தில் மச்சம்போல ஒரு தொலி. மண்டபத்தில் கட்டிய பிறகுதான் பார்த்தார்கள். பெண் வீட்டில் ஒரு கிழவி, "பாக்க வந்தப்ப இந்த மச்சம் இல்லியே, வேற பையனா?" என்று கேட்டுப் பெரிய ரகளையாகிவிட்டது. நான் ஏணி போட்டு ஏறி மாப்பிள்ளையின் கன்னத்தைச் சுரண்ட வேண்டியதாயிற்று.

இப்போது சிரிக்காமல் மேலே படி. கிளட்ச் பிளேட் போய்விட்டது. கூலியோடு ஒன்பதாயிரம். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் வண்டி இல்லாமல் என் தொழில் நடக்காது என்பதால் கடன் சொல்லிச் செய்திருக்கிறேன். இந்த வருஷம் மட்டும் இதற்குச் செலவு செய்ததை எழுதிப் பார்த்தேன், பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். திண்டிவனத்தில் பழைய வண்டி எடுக்கிற ஒருத்தர் ஐம்பத்தைந்தாயிரம் தருகிறேன் என்கிறார். பொங்கலுக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

வெற்றிவேல்


சிங்கவரம்
10.11.2024

வெற்றிக்கு,

சிரித்தேன். அடக்க முடியவில்லை. பிறகு கீழே படித்தேன்.

கிளட்ச்சில் பாதி நாலாயிரத்து ஐந்நூறு, ஜெயஸ்ரீயிடம் கொடுத்துவிட்டேன். செலவு பாதி என் தலையில் விழும்போது முடிவு மட்டும் முழுசாக உன்னுடையதா?

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீதான், நினைவிருக்கிறதா? நாற்பத்தெட்டு வயசில் எனக்கு எதற்கடா என்றேன். "உனுக்கு வரும்கா, நீ மாடு பூட்டி ஓட்டுனவதானே" என்றாய். கோட்டைக்குக் கீழே இருக்கிற மைதானத்தில் மூன்று ஞாயிறு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்ச்ச மிதிக்கா, மிதி, மிதி, ஆடு, ஆடு!" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினாய். ஒரு ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது ஞாயிறு நான் தனியாக இரண்டு சுற்றுச் சுற்றி வந்தபோது நீ கைதட்டினாய். அப்படித் தட்டின ஆள்தான் அமாவாசையன்று அந்தப் பேச்சுப் பேசினான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் திருப்பித் திட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அக்கா


செஞ்சி
4.12.2024, புதன்

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தர முடியவில்லை. புயல் மழையில் உங்கள் பக்கம் ரோடே இல்லை என்றார்கள். நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று ஜெயஸ்ரீ சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்த மழையில் என் கடை வாசலில் முட்டிக்கு மேல் தண்ணீர். வண்டி அதற்குள்ளேயே நின்றது. எதிர்வீட்டு பீமாராவ் ஆறு மாதத்துக்கு முன்னால் வாங்கின கார் பக்கத்தில். இரண்டும் பம்பர் வரைக்கும் முழுகியிருந்தன. போயிற்று, விற்கிற பிரச்சினையே இல்லை, ஆற்றோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை தண்ணீர் வடிந்து, பேட்டரியைத் துடைத்து மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இருமியது. இரண்டாவது தடவையும் இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டு தெருவே அதிர ஓடியது அக்கா! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பீமாராவ் காரைத் தூக்கிப்போக விழுப்புரத்திலிருந்து வேறு வண்டி வந்தது. அதுவும் சேற்றில் மாட்டிக்கொள்ள, அதை இழுத்துவிட்டது யார்? நம் வண்டி. அன்று தெருவில் எனக்கு மூன்று வீட்டில் காபி.

அப்படியே விற்காமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. முடிவாகச் சொல்லவில்லை.

வெற்றிவேல்


சிங்கவரம்
22.12.2024

வெற்றிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். "நம் வண்டி" என்று நீ எழுதியிருந்த இடத்தில் அவர் தலையை ஆட்டினார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு வாரமாகப் புகை விடுகிறது. நீலமாக, சாம்பிராணி போட்டதுபோல. மேட்டில் ஏறினால் பின்னால் வருகிறவர் காணாமல் போகிறார். அடியில் எண்ணெய்ச் சொட்டும் இருக்கிறது. பாயிடம் காட்டலாம் என்றால் அவர் உம்ரா யாத்திரை போய்விட்டார், ஜனவரி பதினெட்டுக்கு மேல்தான் வருவாராம். அதுவரைக்கும் மெதுவாக ஓட்டு. வேறு யாரையும் கை வைக்க விடாதே.

அக்கா


செஞ்சி
12.1.2025

அக்காவுக்கு,

இந்த வாரம் வண்டி உனக்கு வராது. இந்தக் கடிதத்தை மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

புகை தாங்க முடியாமல் போய்விட்டது. கூட்டு ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தி, "இன்னாய்யா, கொசு மருந்து அடிக்கிறியா?" என்று கேட்டார். புதிதாகத் திறந்திருக்கிற ஒரு பட்டறையில் காட்டினேன். இன்ஜின் தேய்ந்துவிட்டது, முழுக்கப் பிரித்தாக வேண்டும், எண்பத்தைந்தாயிரம் ஆகும் என்கிறார்கள். வண்டியே அவ்வளவு பெறாது. இந்தப் புகையோடு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்கவும் முடியாது. பதிவு முடிய இன்னும் முப்பது நாள்தான் இருக்கிறது.

திண்டிவனத்துக்காரரிடம் பேசிவிட்டேன். நாற்பத்தைந்துக்கு இறங்கிவிட்டார். பொங்கல் கழிந்து வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். உன் பாதியை அன்றே கொடுத்துவிடுகிறேன். எனக்கும் சந்தோஷமில்லை அக்கா. நம்பினால் நம்பு.

வெற்றிவேல்


சிங்கவரம்
13.1.2025, போகி

வெற்றி,

மாமா கடிதத்தை நீட்டிய கையோடு புழக்கடைக்குப் போய்விட்டார். மூடி ஒட்டாத கடிதம், வழியிலேயே படித்துவிட்டார் போலிருக்கிறது.

உனக்கு வண்டி இல்லாவிட்டால் வாடகை ஆட்டோ இருக்கிறது. கொஞ்சம் லாபம் குறையும், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. இந்த ஆறு வருஷத்தில் நான் யாரிடமும் போய், "கொஞ்சம் கொண்டுபோய் விடுறியா?" என்று நின்றதில்லை. கமிட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நானாகப் போய் நானாக வந்தேன். அதைத்தான் நீ நாற்பத்தைந்தாயிரத்துக்குக் கொடுக்கப் போகிறாய்.

பணம் பாதி என்னுடையது. ஆனால் கையெழுத்து உன்னுடையது ஒன்றே போதும். வாங்கின அன்று எனக்குக் காய்ச்சல். "யார் பேர்ல இருந்தா இன்னாக்கா, நாம வேற வேறயா?" என்று நீ கேட்டாய். நானும் இல்லை என்றுதான் சொன்னேன். இன்று அதை நினைத்தால் என்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

உன்னிடம் கெஞ்சுவதற்கு எனக்கு மனசில்லை. ஆனாலும் கெஞ்சுகிறேன். பாய் சனிக்கிழமை வருகிறார். அவர் ஒரு தடவை பார்க்கட்டும். அவரும் முடியாது என்றால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வியாழக்கிழமையைத் தள்ளிப் போடு.

அக்கா


செஞ்சி
20.1.2025

அக்கா,

வியாழக்கிழமை வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபமாகத்தான் போனார்.

இன்று காலையில் வண்டியைப் பாயிடம் கொண்டுபோனேன். உம்ராவிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். புகையைப் பார்த்தார். மோந்து பார்த்தார். அடியில் படுத்து நட்டைக் கழற்றி ஆயிலை இறக்கினார். ஒரு சட்டி நிறைந்தது. இரண்டாவது சட்டி வைத்தார். அதுவும் நிறைந்தது. அப்புறம் ஒரு பக்கெட் எடுத்து வரச் சொன்னார்.

"தம்பி, இதுக்கு ஆறு லிட்டர்தான் புடிக்கும். இதுல ஒம்போது இருக்குது. யாரு இப்டி ஊத்துனது?"

"நீங்க சொன்னபடிதான் பாய். கம்பி வர்ற வரைக்கும் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ அரை லிட்டரு. தவறாம ஊத்திட்டு வந்தேன்."

பாய் அடியிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கறுப்பு.

"அதையேதான் உங்க அக்காகிட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும்தான் பேசிக்கிறதில்லியே, யாராவது ஒருத்தர் ஊத்துவீங்கன்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லி வெச்சேன். அதுவும் ஊத்திக்கினுதான் இருந்துச்சா?"

அக்கா, நீயுமா ஊற்றினாய்?

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவுக்கு மேல் எண்ணெய் ஏறினால் எரிந்து புகையாகத்தான் வருமாம். ஒழுகினதும் அதனால்தானாம். சரியான அளவுக்கு விட்டு, ஆயில் சீல் ஒன்றை மாற்றி, வந்திருந்த புதுக் கம்பியையும் போட்டுவிட்டார். ஆயிரத்து எழுநூறு. "ஒரு நிமிஷம் போன்ல பேசியிருந்தீங்கன்னா இந்த வண்டி இவ்ளோ குடிச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தேன்.

வண்டியை எடுத்துக்கொள். புகை இல்லை.

வெற்றி


சிங்கவரம்
26.1.2025

தம்பிக்கு,

நானும்தான் ஊற்றினேன். உன்னிடம் வண்டி போகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில், பல் விளக்கின கையோடு. அவன் எங்கே கவனிக்கப் போகிறான், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டிக்கொண்டே ஊற்றுவேன். அப்புறம் நீ வாங்கின கையோடு நீயும் என்னைத் திட்டிக்கொண்டே ஊற்றியிருக்கிறாய். மாமாவுக்கு இரண்டும் தெரியுமாம். ஜெயஸ்ரீ சொல்லித் தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் வண்டிய அவ்ளோ நல்லா கவனிக்கிறீங்களேன்னு சந்தோசமா இருந்துச்சு" என்கிறார். இவரை என்ன செய்வது சொல்.

சிரித்து வயிறு வலித்தது. ஆனால் நான் இன்னும் உன்னோடு பேசவில்லை. நினைவில் வைத்துக்கொள்.

அக்கா


செஞ்சி
2.2.2025

அக்காவுக்கு,

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திண்டிவனத்தில் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கிறார். புக்கில் என் பேர் இருப்பதால் நான் வர வேண்டும். நீ ஓட்டு. மாமாவையும் கூட்டி வா. பேச வேண்டாம், வந்தால் போதும்.

வெற்றி


சிங்கவரம்
9.2.2025

தம்பிக்கு,

பேச்சு வந்துவிட்டதே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வியாழக்கிழமை திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரைக்கும் நீ ஒருவனே பேசினாய். ஆறு மாசத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசினாய். நான் வாயைத் திறக்க இடமே கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போகும்போது முப்பது கிலோமீட்டரும் வண்டியில் ஒரு சத்தம் இல்லை. நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாய், மாமா மட்டும் நடுவில் ஒரு தடவை கொட்டாவி விட்டார். அங்கே மைதானத்தில் நின்ற வண்டிகளோடு நம் வண்டியையும் வரிசையில் நிறுத்தினேன். அத்தனை பேரும் ஆம்பளைகள். இன்ஸ்பெக்டர் டயரை உதைத்தார், லைட்டைப் போடச் சொன்னார், சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம், "ஓனர் யாரு? ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ சாவியை என்னிடம் நீட்டினாய். "அக்காதான் சார் ஓட்டுவாங்க. இந்த வண்டிய அவங்கள மாதிரி ஓட்ட எனுக்குத் தெரியாது" என்றாய். மெதுவாகச் சொல்லவில்லை. வரிசையில் கடைசியில் நின்ற டிராக்டர்காரன்கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், கால் தானாகக் கிளட்ச்சைத் தேடிக்கொண்டது. நீ பக்கத்தில் ஏறி உட்கார்ந்து சும்மா என் முகத்தையே பார்க்கிறாய். இன்ஸ்பெக்டர் பின்னால் ஏறுகிறார். எனக்கு வேறு வழி என்ன இருந்தது?

"பெல்ட்டப் போடுடா, சார் பாக்குறாரு!"

ஆறு மாசம் கழித்து உன்னிடம் நான் பேசின முதல் பேச்சு இதுதான். அம்மனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள்.

நேராக ஓட்டினேன், ரிவர்ஸ் எடுத்தேன், மேட்டில் நிறுத்தித் திரும்ப எடுத்தேன். ஒரு இடத்தில்கூட அணையவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் இறங்கப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. மாமா ஓடி வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டு, "கூப்ட்டுக்கினு இருக்கத் தேவையில்ல சார், நான் எப்பவும் வெளியிலியே நிப்பேன்" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "கதவையும் ஹாரனையும் இன்னிக்கே சரிபண்ணிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்பதை மறந்துவிடாதே. எதிர்க் கடையில் கம்பி வாங்கிக் கட்டினது நீதான் என்றாலும், டார்ச் பிடித்தது நான்.

வண்டியை எடுத்துக்கொள், உன் வாரம். டீசல் நிரப்பியிருக்கிறேன். முள் பாதியைத்தான் காட்டும்.

அக்கா


செஞ்சி
16.2.2025

அக்கா,

புது ஆர்.சி. வந்துவிட்டது. இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இதை நேரில் கொடுக்கலாம் என்று இந்த வாரம் இரண்டு தடவை சிங்கவரம் வந்தேன். இரண்டு தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வாயால் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், மாமா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் இந்தப் பெட்டியிலேயே வைக்கிறேன்.

வண்டியை உன் பேருக்கு மாற்றுகிற படிவம் இது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் திண்டிவனத்துக்காரர் திரும்பவும் போன் பண்ணி ஐம்பதுக்கு வருகிறேன் என்றார். "அது என்னுது இல்லீங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் அது உண்மை என்று தோன்றியது. உன் போகிக் கடிதத்தைப் படித்த பிறகும் அந்தப் புக்கை என் பீரோவில் வைத்திருந்தால் நான் தூங்க முடியாது. எனக்குப் பாதி அப்படியே இருக்கட்டும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வண்டி கொடு. ஆனால் விற்பதா வேண்டாமா என்று இனிமேல் யாரும் என்னைக் கேட்கக்கூடாது.

வாங்குபவர் பேர் எழுதுகிற இடத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை நீயே எழுது.

வெற்றி


சிங்கவரம்
17.2.2025

வெற்றி,

எழுதிவிட்டேன்.

நிலம் மாமா பேரில் இருக்கிறது. வீடு மாமியார் பேரிலிருந்து நேராகப் பையன் பேருக்குப் போய்விட்டது. கரண்ட் பில்கூடச் செத்துப் போன மாமனார் பேரில்தான் இன்னும் வருகிறது. ஐம்பத்து நான்கு வயசில் ஒரு பொருளுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டிருக்கிற இடத்தில் என் பேரை எழுதுவது இதுதான் முதல் தடவை. முதலில் ஒரு பழைய காகிதத்தில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் படிவத்தில் எழுதினேன். நீ சொன்னது சரிதான், அழுதேன். ஜெயஸ்ரீயிடம் மட்டும் சொல்லாதே.

அடுத்த வரியில் கணவர் பேர் கேட்டிருந்தார்கள். அதையும் எழுதினேன். எந்தக் காகிதத்திலும் மாமா பேர்தான் மேலே இருக்கும், என் பேர் அவருக்குக் கீழே வரும். இதில் மாறி வந்துவிட்டது. அவர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"பரவால்ல, எழுது. நான் எப்பவும் பின் சீட்டுதானே" என்றார்.

இதை மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு உன் கடை வாசலுக்கு வருகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போக வேண்டும். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார், வழி முழுக்க நான்தான் பேசுவேன்.

இப்படிக்கு,
வண்டியின் சொந்தக்காரி
சாமுண்டீஸ்வரி